எதிரியைக் காட்டு

வாளையாறு அணை வற்றிக் கிடந்த ஏப்ரலில்
கணக்கு டியூஷனுக்கு மட்டம் போட்டு
மீன் பொறுக்கப் போனவன் நான்.
சேற்றில் வளையல் போல ஒன்று மினுங்கியது.
தொட்டேன்.
அது என்னைப் போட்டுக்கொண்டது.

முதல் வாரம் மணிக்கட்டு மட்டும்.
இப்போது முழங்கை தாண்டிவிட்டது.
மாவுக்கட்டு என்று சொல்லித்தான்
காலாண்டுத் தேர்வை இடது கையால் எழுதினேன்.
மேற்பார்வைக்கு வந்தவர் தட்டிப் பார்த்தார்:
‘எந்த ஆஸ்பத்திரிடா? இப்படிச் சுடுது?’

ராத்திரியானால் பேசும்,
சொத்தைப் பல்லில் அடைத்த வெள்ளி வழியாக:
எதிரியைக் காட்டு.
இதைச் செய்தவர்களின் ஊரில்
இந்த ஒரு வாக்கியம்தான் உண்டு போல.
தமிழில் கேட்கும். பதில் வராவிட்டால்
சோதனைச்சாவடி லாரிக்காரர்களிடம் பொறுக்கிய
மலையாளக் கெட்ட வார்த்தை சேர்த்துக் கேட்கும்.

காட்டியிருக்கிறேன்.
முதலில் ஒரு எல்லைக் கல்லை.
இரண்டு மாநிலமும் இன்னும் அதைத் தேடவில்லை.
பிறகு கஞ்சிக்கோட்டுக்கு முந்திய வளைவில் ஒரு சரக்கு ரயிலை,
தண்டவாளத்தில் யானை குட்டியோடு நின்ற இரவு.
எஞ்சினை நெஞ்சில் வாங்கி நிறுத்தினேன்.
மூன்று நாள் மூத்திரத்தில் ரத்தம்.
சிக்னல் கோளாறு என்று எழுதிக்கொண்டார்கள்.
யானை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அது நியாயம்தான்.

நான் படிக்கிற சித்திரக் கதைகளில்
ஒவ்வொரு அடிக்கும் கொட்டை எழுத்தில் ஒரு ‘டமால்’ உண்டு.
பேச்சுக் குமிழிக்கு ஒரு வால் உண்டு,
பேசுகிறவன் வாயைக் காட்ட.
என் குமிழிக்கு வால் கிடையாது.
அம்மாவின் பூப்போட்ட ஷாலில் இரண்டு ஓட்டை,
அதுதான் முகமூடி.

வேலந்தாவளம் போகிற வழியில், கைவிட்ட கல்குவாரியில்
மூன்று மாதமாய் யாரோ கொட்டுகிறார்கள்.
மஞ்சள் பைகள், ஊசிகள், ரத்தப் பஞ்சு,
ஒருதரம் முழுசாய் ஒரு பல்செட்.
தெய்வானை அக்காவுக்கு இரண்டு ஆடு போயிற்று.
வெள்ளிக்கிழமை ராத்திரி பதுங்கிக் கிடந்தேன்.
விளக்கை அணைத்துக்கொண்டு லாரி வந்தது.
கை நாய்க்குட்டி போல நடுங்கியது, ஆசையில்.
காட்டு. காட்டு.
முன்சக்கரம் இரண்டையும் தூக்கிப் பிடித்தேன்.
கதவைத் திறந்து குதித்தவர்
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டே இருமினார்.

அந்த இருமலை எனக்குத் தெரியும்.

சதானந்தன். சித்தூர்க்காரர்.
அம்மா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவர்.
மூன்று வருடமாய் அவரை நான்
எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
என் ரேங்க் கார்டில் அவர் கையெழுத்து இருக்கிறது,
ஒவ்வொரு எழுத்தும் வயிறு முட்டச் சாப்பிட்ட மாதிரி.

‘மோனே’ என்றார் முகமூடியிடம்.
‘லோடுக்கு ஆயிரத்தைந்நூறு. போலீஸ்னா பாதி எடுத்துக்கோ.
போலீஸ் இல்லேன்னா இதைத் தின்னு.’
சீட்டிலிருந்து ஒரு பொட்டலம்.
பரோட்டா. வாடிய வாழையிலை வாசம்.
எதிரியைக் காட்டு என்றது கை.
கடைவாய்வரை அதிர்ந்தது.

லாரியை இறக்கினேன்,
முட்டைத் தட்டை வைப்பது போல.
‘திருப்பிக் கொண்டு போங்க’ என்றேன்.
பாதியில் குரல் கீச்சென்று உடைந்தது.
பதினாறு வயசை எந்தக் கிரகத்து ஆயுதமும்
சரி செய்து தராது.
அவர் ஷாலின் பூக்களை
வேண்டியதற்கு ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்தார்.

லாரி திரும்பியது.
வேறெங்கே கொட்டப்பட்டதோ, நான் பின்னால் போகவில்லை.

விடியும் முன்பு பூட்டில் சாவி.
பினாயில் வாடை இருட்டில் நடந்து வந்து
என் தலைமாட்டில் ஏதோ வைத்துவிட்டுப் போயிற்று.
போர்வைக்குள் கை கேட்டது, மறுபடியும், அதையே.
பொட்டலம் ஆறிப் போயிருந்தது.
அதன்மேல் கையை வைத்தேன்,
கொஞ்சம் சூடாகட்டும் என்று.